ஓஎம்ஆர் கட்டடத்துக்குள் டவர் கிடைக்க வைத்த அனுபவம்

சென்னை ஓஎம்ஆர் சாலையில், பெருங்குடிப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். கீழே பேஸ்மென்ட் பார்க்கிங், மேலே அடுக்கடுக்காக ஐடி கம்பெனிகள், சுற்றிலும் கண்ணாடி. ஆட்கள் குடிவந்த நாளிலிருந்தே ஒரே புகார்தான்: "சார், உள்ளே டவரே இல்லை." ரோட்டில் நின்றால் 5ஜி பறக்கும். நடு ஹாலுக்குள் போய்விட்டால் ஓடிபி வராது. பேஸ்மென்டில் யாராவது மயங்கி விழுந்தால் 108-க்குக்கூடப் பேச முடியாதே என்பதுதான் எனக்குப் பெரிய உறுத்தல்.

டவர் பக்கத்திலேயேதான் இருக்கிறது. தடுப்பது கண்ணாடி. சென்னை வெயிலுக்காக இப்போது பெரிய கட்டடங்களில் போடுவது லோ-இ கிளாஸ். அதில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிற அந்தப் பூச்சு ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிவிடும். சிக்னலில் 20, 30 டெசிபல் வரை போய்விடும். 30 டெசிபல் என்றால் வெளியே இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

உடனே எல்லோரும் சொன்னது, சிக்னலைப் பெருக்கிக் காட்டும் பூஸ்டர். தயவுசெய்து வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம். அது கிளப்புகிற இரைச்சல் பக்கத்து டவருக்குள் போய், தெருவில் இருப்பவர் போனையும் கெடுக்கும்.

சரியான வழி ஐபிஎஸ், அதாவது இன்-பில்டிங் சொல்யூஷன். மொபைல் கம்பெனியின் கருவிகளைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்து, கேபிள் வழியாக மாடிக்கு மாடி சின்னச் சின்ன ஆன்டெனாக்களுக்குச் சிக்னலைப் பிரித்துக் கொடுப்பது. ஒரு கம்பெனி, தங்களுக்கு மட்டும் இடம் கொடுத்தால் இலவசமாகவே போட்டுத் தருவதாகச் சொன்னது. ஓனருக்கு ஆசைதான். ஆனால் மற்ற சிம் வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கட்டடத்துக்குள் போடுவதைக் கம்பெனிகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-லேயே பரிந்துரைத்திருக்கிறது. அதை எடுத்துக் காட்டி, எல்லா நெட்வொர்க்குக்கும் பொதுவாகப் போட்டுத் தரும் ஒரு உள்கட்டமைப்பு நிறுவனத்திடம் வேலையைக் கொடுக்க வைத்தோம். செலவு அவர்களுடையது, வாடகையை மொபைல் கம்பெனிகளிடம் வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் கொடுத்தது ஏசியும் யுபிஎஸ் கரன்ட்டும் உள்ள ஒரு அறை, ஷாஃப்டில் கேபிள் ஏற வழி.

முதல் வேலை வாக் டெஸ்ட். போனில் சாஃப்ட்வேர் போட்டு ஒவ்வொரு மாடியாக நடந்து அளந்தார்கள். நடு ஹாலில் மைனஸ் 115 டிபிஎம். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு; மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் குறைவு. இது பேச்சு அறுந்துபோகிற அளவு. மேல் மாடி ஜன்னலோரத்தில் வேறு கதை. அங்கே போன் முழுப் புள்ளி காட்டும், பேசினால் கட்டாகும். அவ்வளவு உயரத்தில் பல டவர்கள் ஒரே நேரத்தில் தெரிவதால் எதைப் பிடிப்பது என்று போன் தடுமாறுகிறது. அங்கே உள்ளே இருக்கும் சிக்னல்தான் ஓங்கி நிற்க வேண்டும்.

கேபிள் வேலை ராத்திரியில்தான். எந்த மாடியில் எத்தனை ஆன்டெனா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் பார்க்கச் சொல்வது கனெக்டரை. அரை இன்ச் ஃபீடர் கேபிளை வெட்டி, செம்புத் துகள் ஒன்றுகூட ஒட்டாமல் துடைத்து, சரியான இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் போட்டு முறுக்குகிறார்கள். எல்லாக் கம்பெனியின் அலைவரிசையும் அந்த ஒரே கேபிளில் ஓடுகிறது. ஒரு கனெக்டர் லூசாக இருந்தால், துரு பிடித்தால், அவை ஒன்றோடொன்று கலந்து புதிய அலையை உண்டாக்கும். போனிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அதில் மூழ்கிவிடும். கடல் காற்று அடிக்கிற நம்ம ஊரில் இதை லேசாக விடக் கூடாது. இந்தக் கலப்பைக் கண்டுபிடிக்க, பிம் டெஸ்ட் என்று 20 வாட் வீதம் இரண்டு சிக்னலை அனுப்பி, ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்ப்பார்கள். தட்டும்போது மீட்டர் துள்ளினால் அந்த இணைப்பு ஆகாது. "சார், இதைப் பிரிச்சுத் திரும்பப் போடணும்" என்று ஒரு தம்பி தானாகவே வந்து சொன்னார். அவர் வேலை செய்த மாடியில் இன்றுவரை புகார் இல்லை.

அப்புறம் லிஃப்ட். லாபியும் லிஃப்டும் ஒரே செல்லில், அதாவது ஒரே கருவியின் சிக்னல் எல்லைக்குள் இருந்தால்தான் கதவு மூடும்போது பேச்சு அறுந்து போகாது. இதை டிசைனிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். கேபிளுக்காகத் தளத்தில் போட்ட ஓட்டைகளைத் தீ தடுப்புப் பூச்சால் அடைத்த பிறகே ஷாஃப்டைப் பூட்ட விடுங்கள்.

5ஜிக்காக இன்னொன்று. சிக்னலைப் பல ஆன்டெனாக்களுக்குப் பிரிக்கும் பழைய ஸ்ப்ளிட்டர்கள் பலவும் 2700 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். இங்கே 5ஜி ஓடும் முக்கிய அலைவரிசை 3300-க்கு மேல். 3800 வரை தாங்கும் பொருள்தானா என்று டேட்டா ஷீட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த அலைவரிசையில் கேபிளில் ஏற்படும் இழப்பும் 900 மெகாஹெர்ட்ஸில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கடைசியாக மறுபடி நடந்து அளந்தார்கள். 95 சதவீத இடத்தில் மைனஸ் 95 டிபிஎம்முக்குக் குறையக் கூடாது என்பது ஒப்பந்தம். பேஸ்மென்ட் ராம்ப்பில் குறைந்தது, ஒரு ஆன்டெனா கூட்டினார்கள். இப்போது புதிதாக வரும் கம்பெனி இன்டீரியர் வரைபடம் கொண்டுவந்தால், ஆன்டெனா வரைபடத்தையும் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்க்கிறேன். ஆன்டெனாவுக்குக் கீழே உலோக சீலிங் போட அனுமதி கிடையாது.