பேட்டர்ன் நம்முடையது, உலை அவருடையது

கோவையில் பம்ப்செட் கம்பெனி என்று போர்டு மாட்டியிருக்கும் பலரிடம் இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரி கிடையாது. சிலரிடம் கடைசல் போடும் லேத்துகூடக் கிடையாது. வார்த்தெடுத்த காஸ்டிங் ஒரு இடத்தில், சுழலும் தண்டான ஷாஃப்ட் ஒரு இடத்தில், மோட்டாருக்கான தகடு வெட்டான ஸ்டாம்பிங் வேறொரு இடத்தில் என்று வாங்கி, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங், அசெம்பிளி, டெஸ்டிங் மட்டும் உள்ளே வைத்திருப்பார்கள். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மோட்டார் செய்துகாட்டிய ஊர் இது. இன்று கணபதிப் பக்கம் ஒரு தெருவுக்குள் போனால், ஷாஃப்டில் சாவிப்பள்ளம் வெட்டும் கீவே போட்டுக்கொடுக்க மட்டுமே ஒருவர் ஷெட் வைத்திருப்பார்.

அப்படிப்பட்ட ஊரில் பர்சேஸ் பார்ப்பவனிடம் வருஷத்துக்கு ஒருமுறை வரும் கேள்வி: "நாமளே உலை போட்டா என்ன?"

காகிதத்தில் பார்த்தால் போடத்தான் தோன்றும். பிக் அயர்ன், ஸ்கிராப், கரண்ட், கூலி எல்லாவற்றையும் கூட்டி மாத டன்னால் வகுத்தால், ஃபவுண்டரிக்காரர் சொல்லும் கிலோ ரேட்டைவிடச் சில ரூபாய் குறைவாகவே வரும். வகுக்கிற அந்த டன்னில்தான் விஷயம். பம்ப் வியாபாரம் மாசியில் சூடு பிடித்து வைகாசியோடு தணிந்துவிடும். மழை இறங்கியதும் டீலர் போனை எடுப்பதே அபூர்வம். அந்த மாதங்களில் ஃபவுண்டரிக்காரர் வால்வு பாடியோ மில் மெஷின் பாகமோ ஊற்றிக்கொள்வார். நம் உலைக்கு நம் பம்பைத் தவிர வேறு வேலை இல்லை; உருக்கினாலும் உருக்காவிட்டாலும், கரண்ட் பில்லில் டிமாண்ட் சார்ஜ் என்ற நிலைக்கட்டணம் வரும். 2012 மின்வெட்டில் உலை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த எவரும் அந்தக் கிலோ ரேட்டை லேசாகப் பேச மாட்டார்கள்.

ஆனால் வாங்குவதிலும் எங்கே கோடு போடுகிறோம் என்பது முக்கியம். முன்பு, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைக் காஸ்டிங்காக வாங்கி, எங்கள் லேத்தில் கடைந்துகொண்டிருந்தோம். வெளித்தோல் வழவழவென்று இருக்கும். டூல் உள்ளே இறங்கியதும், வார்ப்பில் காற்று சிக்கிய ஓட்டையான புளோ ஹோல் பல்லைக் காட்டும். உள்வெற்றிடத்துக்காக அச்சில் வைக்கும் கோர் நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் தடித்து, பாலன்சிங்கில் நிற்காது. திருப்பி அனுப்பினால் ஃபவுண்டரிக்காரர் தெளிவாகச் சொல்வார்: "பீஸை மாத்திக் குடுத்தர்றனுங்க. லேத்துக் கூலி எங்க கணக்குல வராதுங்க." அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவர் விற்றது கிலோ இரும்பு. நாங்கள் இழந்தது லேத்தின் நேரம், அதுவும் சீசன் நேரம். அதனால் இம்பெல்லரை ஊற்றி, கடைந்து, பாலன்ஸ் செய்து கொடுக்கும் ஒரே ஆளிடம் பீஸ் ரேட்டுக்கு மாற்றினோம். ரேட் கூடியது, தகராறு நின்றது. அச்சு எடுக்க உதவும் மாதிரி வடிவமான பேட்டர்னை மட்டும் எங்கள் செலவில் செய்து எங்கள் பெயரில் வைத்திருக்கிறோம். சப்ளையர் கைவிரித்தால் பேட்டர்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஃபவுண்டரிக்குப் போகலாம். அது அவர் சொத்தாக இருந்தால் அந்த சீசன் போச்சு.

தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரின் வைண்டிங்கை வெளியே விடுவதைப் பற்றி மட்டும் நான் பேசவே விடுவதில்லை. இம்பெல்லர் கோளாறு எங்கள் டெஸ்ட் பெட்டிலேயே ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (வெளிவரும் அளவு) குறைவாகக் காட்டிக்கொடுத்துவிடும். வைண்டிங் ஒயரின் இன்சுலேஷனில் விழுந்த சின்னக் கீறல் சில சமயம் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரிலும் தப்பிவிடும். பம்ப் போர்வெல்லுக்குள் பல நூறு அடி இறங்கிய பிறகுதான் அது தெரியும். குழாயைக் கழற்றி மேலே தூக்க விவசாயி கொடுக்கிற கூலிக்கு எந்த வாரண்டியிலும் இடமில்லை. குறை நம் மேஜையிலேயே பிடிபடும் என்றால் அந்தப் பொருளை வெளியே வாங்கலாம். விவசாயியின் தோட்டத்தில்தான் பிடிபடும் என்றால் நாமே செய்வதுதான் என் கட்சி.

கடன் கணக்கும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் வெளியே வாங்குவதன் மறைமுக லாபமே, மூன்று மாதம் கழித்துப் பணம் கொடுப்பதுதான். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கி அதிகபட்சம் 45 நாள் என்ற கெடுவைத் தாண்டி வருஷ முடிவில் நின்றால், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவைப் பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் கழிக்க முடியும். ஆடிட்டர் மார்ச் மாதம் எங்களைவிட அதிகமாகப் பதறுகிறார்.

இப்போது பம்பின் வெளிக்கூடான கேஸிங்கைக் கடையும் வேலையை உள்ளே கொண்டுவரலாமா என்ற பேச்சு ஓடுகிறது. கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷினுக்குக் கொட்டேஷனும் வந்துவிட்டது. ஐப்பசியில் அந்த மெஷினில் என்ன ஓடும் என்று கேட்டேன். போன மழைக்கால டிஸ்பாட்ச் ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் முதலாளி.