ஒரே வயது, ஒரே தெரு, வேறு வேறு ஞாபகம்

"வயசாச்சுல்ல, மறதி வராதா?" தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு இந்தப் பதில் போதவில்லை. வயதுதான் காரணம் என்றால் எங்கள் நைனாவுக்கும் எதிர்வீட்டு மாமாவுக்கும் ஒரே மாதிரி மறக்க வேண்டும். இரண்டு பேருக்கும் அறுபத்தேழு. ஒரே கார்ப்பரேஷன் பள்ளி, அப்புறம் ஹார்பரில் ஒரே ஷிப்ட், இப்போது சாயங்காலமானால் ஒரே கேரம் போர்டு.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் யார் யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டால் நைனா வரிசையாகச் சொல்வார். போன வாரம் வீட்டுக்கு வந்தது யார் என்று கேட்டால் யோசிப்பார். மாமா அப்படியில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததே, அதைப் பார்க்க எந்த வழியாகப் போனோம், யாருடைய படகு கறுத்துக் கிடந்தது, திரும்பும்போது எந்தக் கடையில் டீ குடித்தோம் என்று அடுக்குவார். கூடவே போன நைனா அதையும் 2015 வெள்ளத்தையும் கலந்து சொல்வார். கேரமில் மட்டும் இன்றும் நைனா கைதான் ஓங்கியிருக்கிறது. ரீபவுண்ட் அடிக்கிற கணக்கு அப்படியே இருக்கிறது. சமீபத்தில் நடந்த சம்பவங்கள்தான் நழுவுகின்றன.

நான் ஒரு ஸ்கேன் சென்டரில் பெட் (PET) ஸ்கேன் டெக்னீஷியன். கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடம்பில் எங்கே போய்ச் சேருகிறது என்று படமெடுக்கிற வேலை. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக வருகிறவர்கள். நல்லபடியாக நடமாடும் ஒரு பெரியவரை யாரும் கேமராவுக்குள் அனுப்புவதில்லை. அதனால்தான், டோபமைன் என்ற மூளை ரசாயனத்துக்கும் வயதானவர்களின் ஞாபகத்துக்கும் என்ன தொடர்பு என்று ஸ்வீடனில் பார்க்கும் கோப்ரா ஆய்வைப் பற்றி எது வந்தாலும் தேடிப் படிக்கிறேன். உமியோ நகரத்தில், 2012-ல் தொடங்கி, ஆரோக்கியமான 181 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் 64 முதல் 68 வயதுக்குள் இருப்பவர்கள். லார்ஸ் நைபெர்க், லார்ஸ் பெக்மன் போன்றவர்கள் நடத்துகிற ஆய்வு இது.

அந்த வயது வரம்பைப் பாருங்கள். மூளையில் டோபமைன் வந்து ஒட்டுகிற இடங்களை, அதாவது ஏற்பிகளை, உயிருள்ள மனிதரிடம் முதன்முதலில் படமெடுத்தது 1983-ல், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில். படுத்தவர் ஹென்றி வாக்னர், அந்தக் குழுவின் தலைவரே. வயது ஏற ஏற டி2 என்ற ஏற்பி குறைகிறது என்று அடுத்த ஆண்டே அந்தக் குழு காட்டியது. ஆனால் இருபது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் பக்கத்தில் நிறுத்தினால் எல்லாமே குறைந்துதான் தெரியும்: நடை, பார்வை, காது, ஞாபகம். எதனால் எது என்று எப்படிப் பிரிப்பது? கோப்ராவில் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அப்படியும் இரண்டு பேருக்கு நடுவில் வித்தியாசம் தெரிந்தால் வயதின்மேல் பழி போட முடியாது. நைனாவையும் மாமாவையும் வைத்து நான் கேட்கிற கேள்வியும் அதுதான்.

எங்கள் வேலையில் இருப்பது எஃப்டிஜி, கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைச் சர்க்கரை. சர்க்கரை எங்கே அதிகம் செலவாகிறது என்று காட்டும். அதில் இருக்கும் ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். காலையில் ஈயப் பெட்டியில் மருந்து ஏறிய வண்டி நெரிசலில் மாட்டினால் எனக்கு வயிறு கலங்கும், வழியிலேயே தேய்ந்துகொண்டிருக்கும் சரக்கு அது. ஸ்வீடன்காரர்கள் டி2-வைப் படமெடுக்கப் பயன்படுத்திய மருந்து ராக்லோபிரைட். அதில் இருப்பது கார்பன்-11. சுமார் 20 நிமிடத்தில் பாதி. இதை ஊரைத் தாண்டிக் கொண்டுவரவே முடியாது, அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ராக்லோபிரைட் வேலை செய்யும் விதம் காசிமேட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். டி2 ஏற்பிகள் படகு கட்டுகிற இடம். டோபமைன் ஏற்கெனவே சில இடங்களில் கட்டி நிற்கும். மிச்சமிருக்கும் இடங்களில் ராக்லோபிரைட் வந்து ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியது என்று கேமரா எண்ணுகிறது. தலை அசையக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் முக அளவுக்கு வார்த்த பிளாஸ்டிக் முகமூடி போட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் படுக்கவைத்தார்கள். வலி எதுவும் இல்லாத ஒருவர் தானாக வந்து அப்படிப் படுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் கேமராவில் இருபது நிமிடம் கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொல்லவே நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

ஞாபகத்துக்கு வேறு தேர்வுகள். வார்த்தைகளைக் காட்டிவிட்டு நினைவிருப்பதை எழுதச் சொல்வது, எண்ணோடு சேர்ந்து வந்த சொல் எது என்று கேட்பது, பொருள் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று கேட்பது. 2016-ல் வந்த முடிவு இது: மூளையின் ஆழத்தில் இருக்கும் காடேட் என்ற பகுதியில் டி2 அதிகம் உள்ளவர்கள் இந்தத் தேர்வுகளில் மேலே இருந்தார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற இன்னொரு பகுதியிலும் அதே போக்கு. புதிய சம்பவங்களைப் பதியவைப்பதில் ஹிப்போகேம்பஸுக்குத்தான் பெரிய பங்கு. வேகமாகப் பார்த்து முடிவெடுக்கிற தேர்வுகளோடு இந்தத் தொடர்பு தெரியவில்லை. ரீல்ஸில் டோபமைனை 'சந்தோஷ ஹார்மோன்' என்று சொல்லிச் சொல்லி அதன் பாதி வேலையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நடந்தது நினைவில் நிலைக்கவும் அது வேண்டும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். காடேட்டில் டி2 நிறைய, படம் பளிச்சென்று வரும். ஹிப்போகேம்பஸில் மிகக் குறைவு, ராக்லோபிரைடின் சமிக்ஞை அங்கே மங்கல். படம் எடுக்கிறவள் என்ற முறையில் அந்தப் பகுதி எண்களை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிப்பேன்.

ஐந்து ஆண்டு கழித்து 129 பேர் திரும்பவும் வந்து படுத்தார்கள். அதைப் பற்றி 2024-ல் வெளியான கட்டுரைதான் என்னை உலுக்கியது. ஒரு கூட்டத்துக்கு டி2 காடேட்டில் மட்டும் குறைந்திருந்தது, அறிவுத்திறன் இறங்கவில்லை. இன்னொரு கூட்டத்துக்குப் பல பகுதிகளில் குறைந்திருந்தது. கேட்டதை மனதில் பிடித்துவைத்துக்கொண்டே வேலை செய்கிற திறன், அதாவது செயல் நினைவு, அவர்களுக்கு இறங்கியிருந்தது. அந்தக் கூட்டத்துக்குத்தான் இதய, ரத்தக் குழாய் நோய் அபாயமும் அதிகம். ரத்தக் குழாய் கெட்டதால் டி2 குறைந்ததா, இரண்டுக்கும் வேறு ஏதாவது மூலமா என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் கண்ணுக்கு உடனே தெரிந்தது நைனாவின் பிபி மாத்திரை அட்டை.

"நைனா, மாத்திரை போட்டியா?"

"போட்டேன் கண்ணு." ஒரு நிமிடம் கழித்து, "போட்டேனா?"

மாமா இருபது வருடமாகக் காலையில் கடற்கரை ஓரமாக நடக்கிறவர். நைனா ஹார்பர் கேண்டீன் ஊறுகாயை வீட்டுக்கும் கொண்டுவந்தவர். இதை வைத்து இரண்டு பேர் மூளைக்கும் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் கிழமை போட்ட மாத்திரை டப்பா வாங்கிவிட்டேன். தினமும் ராத்திரி அதைத் திறந்து பார்க்கிறேன்.

டோபமைன் குறைந்தால் டோபமைனுக்கு மாத்திரை கொடுக்கலாமே என்று மாமா கேட்டார். நல்ல கேள்விதான். லண்டனில் 2012-ல் வயதானவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லீவோடோபாவை ஒரு தடவை கொடுத்துப் படங்களைக் காட்டி, ஆறு மணி நேரம் கழித்து எது நினைவிருக்கிறது என்று பார்த்தார்கள். உடம்பு எடைக்கு நடுத்தர அளவாக அமைந்தவர்களுக்குப் பலன் இருந்தது. அளவு கூடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கூட்டிக்கொண்டே போனால் நல்லது என்கிற சமாசாரம் இல்லை இது. தயவுசெய்து யாரும் பக்கத்து வீட்டுப் பார்க்கின்சன் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தெரிந்த வழியிலேயே தொலைந்துபோனால், சில்லறை கணக்கில் திணறினால், அரை மணிக்குள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் 'வயசு' என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டான்லியில் நரம்பியல் பிரிவு நம் பக்கத்திலேயே இருக்கிறது. பி12, தைராய்டு குறைவாலும் மறதி வரும், ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும், மருந்தும் உண்டு.

ஸ்வீடன்காரர்களின் எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் ஆட்கள்மேல் ஒட்ட முடியாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருக்கும் பெரியவர்கள் மூட்டை தூக்கியவர்கள், வலை இழுத்தவர்கள், மில்லில் நின்றவர்கள். படிப்பு வேறு, சாப்பாடு வேறு, சர்க்கரையும் பிபியும் வந்த வயது வேறு. இவர்களில் ஒரே வயதுக்காரர்களைச் சேர்த்து, நல்லபடியாக இருக்கும்போதே படமெடுத்து, வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை. யாராவது தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முழுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.