என் மூச்சை நான் எண்ணிய இரவு

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து ஒன்பதாவது வருடம். பெண்கள் வார்டில் நைட் டூட்டி. ஒரு பாட்டிக்கு ட்ரிப்ஸ் போட நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு முறை குத்தியும் தவறிவிட்டது. அப்போது வந்த டாக்டர், வார்டே கேட்கும்படி, "இத்தனை வருஷமா என்ன கத்துக்கிட்டீங்க?" என்றார். பாட்டி என் கையைத் தடவி, "விடு தாயி" என்றார். அந்த ஆறுதல்தான் அதிகமாக வலித்தது.

அதற்குப் பிறகு ஊசியைக் கையில் எடுத்தாலே அந்தக் குரல் கேட்கும். நரம்பு பளிச்சென்று தெரிகிறவர்களுக்குக்கூட வேறு சிஸ்டரைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

உடன் வேலை பார்க்கும் தோழி ஒரு வழி சொன்னாள். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் திறமையானவள், என்னால் எல்லாம் முடியும்" என்று 20 முறை சொல்ல வேண்டும். இது பழைய கணக்குதான். பிரான்சில் மருந்தாளுநராக இருந்த எமில் கூவே, 20 முடிச்சுப் போட்ட கயிற்றை விரலால் தள்ளிக்கொண்டே, "நாளுக்கு நாள் எல்லா விதத்திலும் தேறி வருகிறேன்" என்று காலையிலும் இரவிலும் சொல்லச் சொன்னவர். 1926-இல் இறந்துபோனார். ஜபமாலை உருட்டிப் பழகிய நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

எனக்கு ஒத்துவரவில்லை. "திறமையானவள்" என்று முடிப்பதற்குள் "அப்போ அந்தப் பாட்டி?" என்று மனசு கேட்கும். 20 முறை சொன்னால் 20 முறை அதே கேள்வி. என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தபோதுதான் நிம்மதி வந்தது. தன்னைக் குறைவாக மதிப்பவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அவர்களுடைய மனநிலை, அப்படிச் சொல்லாதவர்களுடையதைவிட மோசமாக இருந்தது என்கிறது அது. நம்ப முடியாததைச் சொன்னால் மனசு எதிர்வாதம் செய்யும்.

திருப்பம் என் வேலைக்குள்ளேயே இருந்தது. நோயாளியின் மூச்சை எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சில் வைத்து, ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவோம். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். ஓர் இரவு ஊசி போட வேண்டிய நேரத்தில், கை நடுங்க, வார்டு கடிகாரத்தைப் பார்த்து என் மூச்சை எண்ணினேன். 26. எந்த நோயாளிக்காவது 26 இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லியிருப்பேன். எனக்கு மட்டும் இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

அன்று முதல் நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. மானிட்டரில் நானே பலமுறை பார்த்ததுதான். அதுவரை அதை நோயாளிகளுக்கு மட்டுமே உரியதாக வைத்திருந்தேன்.

வாக்கியத்தையும் மாற்றிக்கொண்டேன். டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, வெளிமூச்சோடு சேர்த்து, அன்று நடந்த உண்மை ஒன்றை மட்டும் சொல்வேன். "ஏழாம் பெட் அம்மா வெளிறியதை முதலில் கவனித்தது நான்." "இன்றைக்கு மூன்று பேருக்கு முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது." சின்ன வாக்கியங்கள்தான். ஆனால் மனசால் மறுக்க முடியாது. யாராவது இறந்துபோன நாளில் வாக்கியம் எதுவும் வராது. அன்றைக்கு மூச்சு மட்டும். என்னைக் கேட்டால் அதுவே போதும்.

ஒரே மாதத்தில் எல்லாம் சரியாகிவிடவில்லை. வேறு சிஸ்டரைக் கூப்பிடுவது மெல்ல மெல்லத்தான் குறைந்தது. இப்போதும் ஊசி தவறும். தவறினால் "மன்னிச்சுக்கோங்கம்மா, அடுத்த கையில பார்க்கிறேன்" என்று சொல்ல முடிகிறது. முன்பு அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மருந்து அறையில் அழுதுகொண்டு நின்றாள். யாரோ எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்காரவைத்து, நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்தேன். நெஞ்சைப் பார்த்து எண்ணினேன். 28.

"மூச்சை விடும்போது ஆறு வரை எண்ணுடா," என்றேன். "அப்புறம், இன்னைக்கு நீ சரியா செஞ்சது ஒண்ணு சொல்லு."

ரொம்ப நேரம் யோசித்தாள். "மூணாம் பெட் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டேன் அக்கா" என்றாள்.