ஏறக்கூடாத கேஎச்: ஒரு பவளத் தொட்டியின் நாட்குறிப்பு

மார்ச் 2, 2025

கேஎச் (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டின் அளவு) 8.1, கால்சியம் 430, மக்னீசியம் 1320, உப்பு 35. சலிப்பான எண்கள். கடினப் பவளம் வளர்ப்பவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

எலும்புக்கூடு கட்டுவதற்காகப் பவளங்கள் தினமும் தண்ணீரிலிருந்து ஒரு டிகிரி கேஎச் எடுத்துக்கொள்கின்றன. கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து 200 லிட்டர் தண்ணீர். அந்த ஒரு டிகிரியை ஈடுகட்ட சுமார் 6 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். டோசிங் பம்ப் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க விடுகிறது. கால்சியம் குளோரைடுக்கு வேறு குழாய், வேறு நேரம். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால், பவளத்துக்குப் போகவேண்டியது சுண்ணாம்பாக அடியில் படிந்துவிடும்.

புதிதாக ஓர் அக்ரோபோரா துண்டு வந்திருக்கிறது, கிளைவிடும் கடினப் பவளம். பச்சை உடல், ஊதா நுனி. டிப் போட்டு, அதாவது புழு பூச்சி கொல்லும் மருந்துத் தண்ணீரில் முக்கி, அது ஒட்டியிருந்த வட்டையும் மாற்றித்தான் உள்ளே விட்டேன்.

மார்ச் 9

பிஎச் 7.8. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் ஏர்கான் போட்டு எல்லா ஜன்னலையும் சாத்தினால், நாம் விடும் கரியமில வாயு நேராகத் தொட்டித் தண்ணீரில்தான் கரைகிறது. ஜன்னலைத் திறந்தேன், மாலைக்குள் 8.1. "உங்க பவளத்துக்குக் காத்து வேணும்னா எனக்கு வேர்க்கணுமா?" என்றாள் மனைவி. பதில் சொல்லவில்லை. காற்றுக் குமிழிகளால் தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டேன்.

மார்ச் 23

கேஎச் 8.7. டோசை நான் தொடவே இல்லை. மறுபடி சோதித்தேன். வேறு சோதனை கிட்டிலும் பார்த்தேன். அதே 8.7.

மார்ச் 26

9.1. கேஎச் இறங்கினால் எனக்குக் கவலை இல்லை. வளர்கிறது, இன்னும் கேட்கிறது என்று அர்த்தம். அதே டோசில் ஏறினால், எதுவோ எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். நிறம் மங்குவதும் தோல் உரிவதும் கண்ணுக்குத் தெரிய நாளாகும். எண் முந்திக்கொள்ளும். அதனால்தான், பவளத்தைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவேன் என்பவர்களின் பேச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பாஸ்பேட் 0.06, நைட்ரேட் 5, வெப்பம் 25.8. எதிலும் குறையில்லை. டோசைப் பாதியாக்கினேன்.

மார்ச் 29

கண்டுபிடித்தாயிற்று. ரப்பர் குமிழ் வைத்த குழாயால் அக்ரோபோரா கிளைகளின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினேன். வெள்ளைச் செதில் போல ஏதோ கழன்று மிதந்தது. பிறகு அது நீந்தியது!

தட்டைப்புழு. அக்ரோபோராவை மட்டுமே தின்னும் ப்ரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. தின்ற பவளத்தின் பாசி அதன் குடலில் இருப்பதால், பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாலும் தெரியாது. கடித்த இடங்களில் மட்டும் சின்னச் சின்ன வெளிர் வட்டங்கள். கிளையின் அடியில், தசை போன இடத்தில், பழுப்பு நிற முட்டைகள். டிப் புழுவைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. புதுத் துண்டு எப்படிக் கொண்டுவந்தது என்பது இப்போது புரிகிறது.

ஏப்ரல் 5

அக்ரோபோராக்கள் எல்லாம் தனித் தொட்டிக்கு மாறியாயிற்று. மற்ற பவளங்களான மொன்டிபோராவும் யூஃபிலியாவும் பெரிய தொட்டியிலேயே இருக்கட்டும். இந்தப் புழு அவற்றைத் தொடாது. பெரிய தொட்டியில் தின்ன அக்ரோபோரா இல்லாவிட்டால் மிச்சப் புழுக்கள் பட்டினியில் போய்விடும். தனித் தொட்டியில் சில நாளுக்கு ஒரு டிப், ஒவ்வொரு முறையும் கண்ணில் படும் முட்டைகளைச் சுரண்டுவது. முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம். தண்ணீர் சூடானால் சீக்கிரம் பொரியும். ஆகவே ஒரே டிப்போடு நிம்மதியாகத் தூங்குவது வீண். மஞ்சள் ராஸ் மீன் ஒன்றும் வாங்கினேன். புழு பொறுக்கும் என்கிறார்கள். இதுவரை நான் போடும் தீனியைத்தான் பொறுக்குகிறது.

ஏப்ரல் 20

தூத்துக்குடியிலிருந்து மாமா மகன் போன். "மச்சான், ஊருக்கு வரும்போது ஒரு துண்டு கொண்டாயேன்." முடியாதுடா என்றேன். இந்தியாவில் கடினப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். இங்கிருந்து எல்லை தாண்டவும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் அவனுக்கே தெரியும். அவன் கேட்டது ஆசையில்தான், ஆனாலும் அந்தச் சட்டம் சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

மே 31

கடைசி நான்கு டிப்புகளில் ஒரு புழுகூட விழவில்லை. அக்ரோபோராக்கள் வீடு திரும்பின. நீலத் துண்டு அடியிலிருந்து உரிந்து போய்விட்டது, மற்றவை தப்பின. புதுத் துண்டும்தான். அதைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் எரிச்சல்.

ஜூன் 14

கேஎச் 7.4. போன வாரம் 8.0. பாதி டோஸ் போதவில்லை, குடிக்க ஆரம்பித்துவிட்டன! பச்சை அக்ரோபோராவின் கடித்த தழும்புகள் மேல் தசை மூடியிருக்கிறது. டோசைக் கால் பங்கு ஏற்றினேன். முழு அளவுக்கு இப்போதைக்குப் போகப்போவதில்லை. புதன்கிழமை மறுபடி அளந்து பார்த்துச் சொல்கிறேன்.