ஐம்பது கெஜத்துக்குள் ஒரு பிழைப்பு

கிளின்ட் டோலசெல் என்ற பெயர் அமெரிக்கன் ஃபுட்பாலை விடாமல் பார்ப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. உள்ளரங்கத்தில் ஆடும் அரினா ஃபுட்பால் லீக்கில் 900க்கும் மேற்பட்ட டச்டவுன் பாஸ்கள், அதாவது எதிரணியின் எல்லையில் புள்ளி எடுத்துத் தரும் வீச்சுகள், வீசிய குவாட்டர்பேக் அவர். பந்தை வாங்கி வீசித் தாக்குதலை நடத்துபவர்தான் குவாட்டர்பேக். டெக்சாஸ் டெரரில் ஆடினார். அந்த அணி ஹூஸ்டன் தண்டர்பேர்ஸ் என்று பெயர் மாறியபோதும் இருந்தார். பிறகு கிராண்ட் ராபிட்ஸ் ராம்பேஜ், லாஸ் வேகாஸ் கிளாடியேட்டர்ஸ், டல்லஸ் டெஸ்பரடோஸ். இந்த அணிகளில் ஒன்றுகூட இன்று களத்தில் இல்லை. அவர் ஆடிய லீக்கும் 2019 நவம்பரில் திவாலாகி மூடப்பட்டது.

உள்ளரங்கக் குவாட்டர்பேக்கின் வாழ்க்கை ஏறக்குறைய இப்படித்தான் போகும். ஊர் மாறும், சட்டை நிறம் மாறும், சில நேரம் காலுக்குக் கீழே இருந்த லீக்கே காணாமல் போகும். இப்படி அணி அணியாக மாறி ஆடுபவரை அங்கே ஜர்னிமேன் என்பார்கள். அமெரிக்காவின் முதன்மை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் இடம் கிடைக்காமல் இங்கே ஒதுங்கியவர் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. வெளி மைதானத்தில் நல்ல குவாட்டர்பேக்காக இருந்தவர்கள் இங்கே வந்து இரண்டே வாரத்தில் திணறிப் போனதும் உண்டு. இது தனித் தொழில், இதற்கென்று தனிக் கைப்பழக்கம் வேண்டும்.

முதலில் களம். வெளி மைதானத்தில் கோலுக்குக் கோல் 100 கெஜம், அகலம் 53 கெஜத்துக்குக் கொஞ்சம் மேல். அரினாவில் நீளம் 50 கெஜம், அகலம் 85 அடி, அதாவது 28 கெஜம் சொச்சம். டச்டவுன் போடும் பகுதியான எண்ட் ஸோன் இரண்டு பக்கமும் 8 கெஜம். கூட்டிப் பார்த்தால் 198 அடிக்கு 85 அடி. ஐஸ் ஹாக்கி ரிங்க்கின் அளவு 200க்கு 85. ஜிம் ஃபாஸ்டர் 1981இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் பார்த்துக்கொண்டே ஒரு பழுப்பு உறையின் மேல் வரைந்த களம் இது. 1987இல் நான்கு அணிகளோடு லீக் தொடங்கியது. ஊருக்கு ஊர் ஹாக்கி அரங்கம் இருந்ததால் புதிதாக எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. தரையை மூடிச் செயற்கைப் புல்லை விரித்து, சுற்றியிருக்கும் நாலடிச் சுவருக்கு ஃபோம் மெத்தை மாட்டினால் களம் தயார்.

குவாட்டர்பேக்குக்கு இதில் என்ன மாறுகிறது? எண்ட் ஸோனை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸைப் பிடிக்க முழு வேகத்தில் வரும் ரிசீவர் நொடிக்கு 9 கெஜம் ஓடுவார். 8 கெஜ எண்ட் ஸோனுக்குள் நுழைந்து சுவரில் மோத அவருக்கு ஒரு நொடிகூட ஆகாது. வெளி மைதானத்தில் ரிசீவர் திரும்பிப் பார்த்த பிறகு வீசலாம். இங்கே அவர் திரும்பும்போது பந்து பாதி வழி வந்திருக்க வேண்டும். அதுவும் சுவர்ப் பக்கத் தோளுக்கு. உள்பக்கம் வீசினால் தடுப்பாளர் தட்டிவிடுவார். சுவரை ஒட்டி ரொம்ப உயரமாக வீசினால், மோதலுக்குப் பயந்து ரிசீவர் கையை முழுதாக நீட்டமாட்டார். அந்தத் தவறு ரிசீவருடையது இல்லை, பந்தை அங்கே போட்டவருடையது.

ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர். தாக்கும் பக்கத்தில் சென்டரும் இரண்டு கார்டுகளும் வரிசையில் நிற்பார்கள். குவாட்டர்பேக்குக்குப் பின்னால் அவரைக் காக்கும் ஃபுல்பேக். மீதி மூவர் ரிசீவர்கள். எதிரே மூன்று பேர் கையைத் தரையில் ஊன்றி நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் இரண்டு லைன்பேக்கர்கள். ஒருவர் மேக், இன்னொருவர் ஜாக். மேக் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரலாம், ஜாக் பொதுவாக வரக்கூடாது. ஆக, வரக்கூடியவர்கள் நான்கு பேர், தடுப்பதற்கும் நான்கு பேர். கணக்கு சரியாக இருப்பதுபோலத் தெரியும். மேக் எந்த இடைவெளியில் நுழையப் போகிறார் என்பதை ஃபுல்பேக் தப்பாகப் படித்தால் கணக்கு உடைந்துவிடும். அதனால் சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் முன்னால் குவாட்டர்பேக் முதலில் தேட வேண்டியது ரிசீவரை அல்ல, மேக்கை. அவர் எந்தத் தோள் பக்கம் சாய்ந்து நிற்கிறார் என்று பார்த்து ஃபுல்பேக்குக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜாக் விதி இன்னும் சுவாரசியமானது. முன்பு அவர் வரிசை ஆட்களின் தோளகலத்துக்குள், ஐந்து கெஜ ஆழத்துக்குள் ஒரு கற்பனைப் பெட்டியில் அடைந்து கிடக்க வேண்டும். 2008வாக்கில் அந்தப் பெட்டியைத் தளர்த்தினார்கள். ஐந்து கெஜத்துக்குள் சுவருக்குச் சுவர் நகரலாம், குவாட்டர்பேக் வீசுவதுபோலப் பாவனை காட்டிவிட்டால் பின்வாங்கிப் பாஸைத் தடுக்கவும் போகலாம். வெளி மைதானத்தில் பாவனை காட்டுவது செலவில்லாத தந்திரம். இங்கே அப்படி ஒரு முறை கையை அசைத்தால் எதிரணிக்கு ஒரு தடுப்பாளரைக் கூடுதலாகக் கொடுத்ததாகிவிடும். கல்லூரியில் பழகிய கை இதை மறக்க வெகுநாள் ஆகும்.

இந்த ஆட்டத்தின் உயிர் மோஷன் ரிசீவரிடம் இருக்கிறது. ஸ்நாப்புக்கு முன்பே ஒரு ரிசீவர், பந்து வைக்கப்பட்ட கோட்டை நோக்கி ஓடிவரலாம். வெளி மைதானத்தில் பக்கவாட்டில்தான் நகரலாம், முன்னோக்கி வரக் கூடாது. இங்கே அவர் பின்னால் ஏழெட்டு கெஜத்திலிருந்து புறப்பட்டுக் கோட்டைத் தொடும்போது முழு வேகத்தில் இருப்பார். எதிரே நிற்கும் தடுப்பாளர் அப்போதுதான் பின்காலை எடுத்து வைப்பார். சரியாக அமைந்தால் தடுக்கவே முடியாது.

சரியாக அமைவது எளிதல்ல. ஸ்நாப் 0.2 நொடி தாமதித்தால் ரிசீவர் கிட்டத்தட்ட இரண்டு கெஜம் கோட்டைத் தாண்டியிருப்பார், அபராதம். 0.2 நொடி முந்தினால் அவர் இன்னும் இரண்டு கெஜம் பின்னால் இருப்பார், தடுப்பாளருக்குச் சுதாரிக்க நேரம் கிடைத்துவிடும், ஓடி எடுத்த வேகமெல்லாம் வீண். எனவே குவாட்டர்பேக் ரிசீவரின் காலடியை எண்ண வேண்டும். சிலர் ஐந்தடியில் முழு வேகம் பிடிப்பார்கள், சிலருக்கு ஏழடி தேவைப்படும். சிலர் கடைசி அடியில் தங்களை அறியாமல் வேகத்தைக் குறைத்து, கோட்டைப் பார்த்து மறுபடி கூட்டுவார்கள். அவர்களோடு ஆடும்போது ஸ்நாப்பைக் கொஞ்சம் முன்னதாகவே கேட்க வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது, ஒவ்வொரு ஆளோடும் தனியாக ஓடிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜர்னிமேன் குவாட்டர்பேக்கின் திறமை என்று நான் மதிப்பது இதைத்தான். புது ஊரில் புது ரிசீவரின் காலடி மூன்று நாளில் பிடிபட்டுவிட வேண்டும்.

மூன்று நாள் என்று சும்மா சொல்லவில்லை. ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை. முந்தைய வாரம் ஒரு அணியின் குவாட்டர்பேக்குக்குத் தோள்பட்டை போய்விட்டது என்று வையுங்கள். ஞாயிறு இரவு ஃபோன் வரும், திங்களோ செவ்வாயோ புது ஆள் வந்து இறங்குவார். ஹெல்மெட் சரியாக உட்காருகிறதா, முகக் கம்பி பார்வையை மறைக்கிறதா என்பது முதல் வேலை. அடுத்து சென்டர். ஸ்நாப் எந்த வேகத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து வருகிறது என்று ஒரு ஐம்பது முறையாவது வாங்கிப் பார்க்காமல் ரிசீவரிடம் போகக்கூடாது. பந்து கைக்கு வரும் நேரம் ஆடினால் அடுத்து எல்லாமே ஆடும். பிறகு மோஷன் ஆள். அதன் பிறகுதான் மற்ற ரிசீவர்கள்.

ஆட்ட அமைப்புகள் அடங்கிய பிளேபுக் கடைசியில். உள்ளரங்கத்தில் ரிசீவர்கள் ஓடும் பாஸ் வழிகள் அதிகமில்லை. ஸ்லான்ட், அவுட், போஸ்ட், கார்னர், குறுக்கே ஓடும் கிராஸ், நின்று திரும்பும் ஸ்டாப், சுவரோரம் ஃபேட், அவ்வளவுதான். சிக்கல் பெயர்களில். ஒரே வழியை ஒரு பயிற்சியாளர் எண்ணால் சொல்வார், இன்னொருவர் மிருகத்தின் பெயரால் சொல்வார். அனுபவசாலிகள் புதுப் பெயர்களை மனப்பாடம் செய்ய மாட்டார்கள். தங்களுக்குப் பழகிய பெயரை இடப்பக்கமும் புதுப் பெயரை வலப்பக்கமும் எழுதி ஒரு தாள் தயாரிப்பார்கள். முதல் ஆட்டத்துக்குப் பதினைந்து இருபது ஆட்ட அமைப்புகள் போதும் என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிடுவார்கள். நாற்பதையும் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினால் இரண்டாம் கால் பகுதியில் ஒன்றும் ஞாபகம் இருக்காது. கூரைக்கடியில் பாட்டும் கூச்சலும் சேர்ந்து காதை அடைக்கும் என்பதால், குரலை நம்பாமல் கைதட்டோ கால் தூக்கலோ வைத்து ஸ்நாப் கேட்கவும் பழகிவிட வேண்டும்.

சம்பளம். இங்கே பலருக்கு மனசு வலிக்கும். அரினா லீக்கின் இரண்டாம் நிலை லீக்காக இருந்த ஏஎஃப்2வில் ஓர் ஆட்டத்துக்கு 200 டாலர், ஜெயித்தால் இன்னும் 50. பதினாறு ஆட்டமும் ஆடினால் 3,200 டாலர், அதோடு வெற்றிக் காசு. 2009 சீசனை ரத்து செய்து, திவாலுக்குப் போய், 2010இல் திரும்பி வந்தபோது முதல்நிலை லீக்கிலேயே ஓர் ஆட்டத்துக்கு 400 டாலர்தான். பதினாறுக்கு 6,400. தங்குமிடம் அணி தரும், பெரும்பாலும் இரண்டு மூன்று பேருக்கு ஓர் அபார்ட்மென்ட். சாப்பாட்டுக்கு உள்ளூர் ஸ்பான்சர் உணவகத்தின் கூப்பன் இருக்கும். சீசன் வசந்தத்தில் தொடங்கிக் கோடையோடு முடிந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு வேறு வேலை வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி கொடுப்பதுதான் குவாட்டர்பேக்குகளுக்குத் தோதானது, கையும் பழக்கத்தில் இருக்கும்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய இடம் சம்பளத் தொகை இல்லை, உரிமை. அணி எப்போது வேண்டுமானாலும் விடுவிக்கலாம். ஆட்டக்காரர் தானாக விலகினால் கதை வேறு. பயிற்சிக்கு வராதவரை வர மறுத்தவர் பட்டியலில் போடுவார்கள், வேறு லீக்குக்குப் போனவருக்கு அதற்கெனத் தனிப் பட்டியல். இரண்டிலும் அவர்மேல் உள்ள உரிமை பழைய அணியிடமே இருக்கும். வேறு அணிக்கு ஆட வேண்டுமானால் இவர்கள் விட்டால்தான் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அந்த அணி போன சீசனைக் கடைசி ஆட்டம் வரை ஆடியதா, அரங்கத்தின் குத்தகை யார் பெயரில் எத்தனை வருஷத்துக்கு இருக்கிறது, காயம்பட்டால் யாருடைய காப்பீடு என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதி சீசனில் அரங்கக் கதவு பூட்டப்பட்டுப் பையோடு வெளியே நின்றவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர்.

காயம் என்றால் முழங்காலைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். இந்தக் களத்தில் குவாட்டர்பேக்குக்கு அடிக்கடி போவது வீசும் கையின் கட்டைவிரல். எல்லோரும் நெருக்கி நிற்பதால், வீசி முடித்துக் கை கீழே இறங்கும்போது யாருடைய ஹெல்மெட்டிலாவது மோதும். முழங்கையை உயர்த்தி, வீச்சைக் குறுக்கி வைத்திருப்பவர்கள் நீடிக்கிறார்கள்.

எண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரினா குவாட்டர்பேக் ஏரன் கார்சியா 1,300க்கும் மேல் டச்டவுன் பாஸ் வீசியிருக்கிறார். என்எஃப்எல்லில் டாம் பிரேடி, பிளேஆஃப் ஆட்டங்களைச் சேர்க்காமல், வாழ்நாள் முழுக்க வீசியது 649. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இருவருக்குமே அநியாயம். அரை நீளக் களத்தில், பந்தை உதைத்துத் தள்ளிவிட விதியே அனுமதிக்காத ஆட்டத்தில் ஸ்கோர் ஐம்பது அறுபது என்று போவது சகஜம். ஓர் அணிக்கு ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறைதான் பந்து வரும், அதில் எட்டு முறை டச்டவுன் ஆகிவிடும். ஆகவே இங்கே குவாட்டர்பேக்கை எடைபோட டச்டவுனை எண்ணக் கூடாது. வெறுங்கையோடு திரும்பிய முறைகளை எண்ண வேண்டும். எதிரணி பந்தைப் பிடித்துக்கொள்ளும் இன்டர்செப்ஷன் ஒன்று கொடுத்தால் அதை ஈடுகட்ட ஆட்டம் முழுக்க வாய்ப்பே வராமல் போகலாம்.

கடைசி நிமிடமும் அப்படித்தான். முப்பது நிமிட அரை ஆட்டத்தில் முதல் இருபத்தொன்பது நிமிடம் கடிகாரம் பெரும்பாலும் நிற்காமல் ஓடும். அரை ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மட்டும், பந்து கோட்டைத் தாண்டி முன்னேறாவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். வெளி மைதானத்தில்போல பந்தை வாங்கியதும் முழங்கால் போட்டு நேரத்தைக் கடத்த முடியாது. முன்னிலையில் இருக்கும் அணியும் ஒவ்வொரு முறையும் ஒரு அடியாவது முன்னே போயாக வேண்டும். புதிதாக வருபவர்கள் பழக்கதோஷத்தில் முழங்கால் போட்டு, எதிரணிக்கு நேரத்தைப் பரிசாகக் கொடுத்துவிடுவார்கள். 2011இல் லீக்கின் இறுதிப் போட்டியான அரினாபௌலில் கார்சியா ஜாக்சன்வில் ஷார்க்ஸுக்காக ஆடினார். எதிரணி அரிசோனா ராட்லர்ஸ், ஆட்டம் நடந்ததும் அவர்கள் ஊரான ஃபீனிக்ஸில். கடைசி வீச்சில் ஜெரான் ஹார்விக்கு டச்டவுன் போட்டு 73க்கு 70 என்று ஜெயித்தார்கள்.

இங்கிருந்து மேலே, என்எஃப்எல்லுக்குப் போனவர்களும் உண்டு. கர்ட் வார்னர் 1994இல் என்எஃப்எல் அணியான கிரீன் பேயின் பயிற்சி முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டு, அயோவாவில் மளிகைக் கடை அலமாரி அடுக்கி, 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸுக்கு ஆடினார். இரண்டு அரினாபௌல் இறுதிகளில் தோற்றார். 1999இல் ராம்ஸுக்காக 41 டச்டவுன் பாஸ் வீசி என்எஃப்எல்லின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் (எம்விபி) ஆனார், அதன் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலும் ஜெயித்தார். 1992இல் என்எஃப்எல்லின் புது வீரர் தேர்வில் டென்வர் அணி முதல் சுற்றில் எடுத்த டாமி மேடக்ஸ், ஆட்டத்தை விட்டு இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்து, 2000இல் அரினா லீக்கின் நியூ ஜெர்சி ரெட் டாக்ஸில் ஆடி, 2002இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் குவாட்டர்பேக் ஆனார். இவர்கள் பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொரு வருஷமும் புதுப் பையன்கள் வருகிறார்கள். ஆனால் வார்னரை மட்டும் காட்டி இந்தத் தொழிலை விளக்குவது எனக்குச் சம்மதமில்லை. பந்தைச் சட்டென்று விடும் கைப்பழக்கத்தை அவர் இங்கிருந்து எடுத்துப் போனார். அதே பழக்கத்தோடு இங்கேயே இருந்தவர்கள் அவரைவிடக் குறைந்தவர்கள் என்று ஆகிவிடாது.

இப்போது முக்கியமான லீக் 2009இல் ஆடத் தொடங்கிய இண்டோர் ஃபுட்பால் லீக். பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற பெயரில் இன்று ஆடும் அணியும் ராட்லர்ஸும் அங்கேதான் இருக்கிறார்கள். கோல் கம்பத்தின் இருபுறமும் தொங்கி, பட்ட பந்தைத் திருப்பி அனுப்பும் வலை அங்கே கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு ரிசீவர்கள் முன்னோக்கி ஓடிவரலாம். குவாட்டர்பேக்கே பந்தோடு ஓடுவதும் அங்கே மிக அதிகம். பழைய அரினா ஆட்டத்தில் நின்ற இடத்திலிருந்து வீசியே காலம் தள்ளியவர்களுக்கு அங்கே வேலை கிடைப்பது கஷ்டம். இரண்டு காலடிகளை ஒரே நேரத்தில் எண்ண வேண்டியிருப்பதும் புதுத் தலைவலி. இரண்டாவது ஆளை எண்ணாமல், முதலாமவரைப் பார்த்தே ஓடச் சொல்லிவிடுவதுதான் பலரும் கண்ட வழி.

டோலசெல் ஆடி முடித்த பின் பயிற்சியாளர் ஆனார். 2011இல் டல்லஸ் விஜிலான்டிஸ் அணியில் அவரிடம் டான் ராடபா என்ற குவாட்டர்பேக் இருந்தார். அந்த அணியும் கலைந்தது. டோலசெல் பிறகு ஃபிலடெல்ஃபியா சோல் அணியின் தலைமைப் பயிற்சியாளரானபோது குவாட்டர்பேக் மறுபடியும் ராடபாதான். 2016இல் அரிசோனாவை 56க்கு 42, 2017இல் டாம்பா பே ஸ்டார்மை 44க்கு 40 என்று வீழ்த்தி, இருவரும் சேர்ந்து அடுத்தடுத்து இரண்டு அரினாபௌல் வாங்கினார்கள்.