ஒன்பதரை விரல்

ரெண்டு நாளாக வீட்டில் ஃபில் கேகியின் கிட்டார்தான் ஓடுகிறது. 1951இல் அமெரிக்காவின் ஒஹையோவில் பிறந்த மனுஷன், நாலு வயதில் தண்ணீர் பம்ப் விபத்தில் வலது கை நடுவிரலில் பாதியை இழந்தவர், அதுவும் கம்பியை மீட்டுகிற கை! வால்யூம் குமிழை மெல்லத் திருப்பி, கம்பியைத் தட்டுகிற சத்தமே கேட்காமல் வயலின் மாதிரி ஸ்வரத்தை எழுப்புவார் பாருங்கள், எனக்கு அது போதும்.

1970இல் அம்மா கார் விபத்தில் இறந்த பிறகுதான் இயேசுவிடம் வந்தார். 'கிளாஸ் ஹார்ப்' என்று மூன்று பேர் ராக் குழு, 1971இல் நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் ஒரே பாட்டைக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் வாசித்திருக்கிறார்கள். அடுத்த வருஷமே குழுவை விட்டு வெளியே வந்து, 1973இல் எல்லா வாத்தியமும் தானே வாசித்து முதல் தனி ஆல்பம், அதுவும் கிறிஸ்தவப் பாடல்கள். ராக் வட்டத்தில் இருந்திருந்தால் பெயர் எங்கேயோ போயிருக்கும் என்பது என் ஆதங்கம், அவருக்கு அப்படி இருந்த மாதிரி தெரியவில்லை.

அப்புறம், ராக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இவரைப் புகழ்ந்தார் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அதை ஷேர் பண்ணாதீர்கள். கேகியே மறுத்துவிட்டார்.