ஏழை என்பதற்கு அத்தாட்சி

போன மாதம் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை இணையத்தில் நிரப்பிக் கொடுத்தேன். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், பார்த்துக்கொண்டிருந்த வேலை போய் நான்கு மாதமாகிறது. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் மளமளவென்று போனது. ஒன்பதாவது கேள்வியில் நின்றுவிட்டோம்: 'வருமானம் இல்லையெனில் அதற்கான ஆதாரத்தை இணைக்கவும்.' வாங்கிய சம்பளத்துக்குச் சீட்டு இருக்கும், வாங்காத சம்பளத்துக்கு எதை ஸ்கேன் பண்ணுவது? காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. வங்கிக் கணக்கின் ஆறு மாத வரவு செலவை ஏற்றிப் பார்த்தோம், கோப்பு பெரிதாக இருக்கிறது என்று திருப்பிவிட்டது, அதைச் சுருக்கி மறுபடி ஏற்றுவதற்குள் நேரம் முடிந்து வெளியே தள்ளிவிட்டது, அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தோம். மூன்று மணி நேரம் போய்விட்டது.

வறுமை ஒழிப்பு என்று எங்கே பேச்செடுத்தாலும் எவ்வளவு ஒதுக்குவது, யாரிடம் வரி வாங்குவது என்பதிலேயே சுற்றுகிறது. முக்கியமான கேள்விகள்தான். ஆனால் நிரூபிக்கிற சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் அதே அளவுக்குக் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் பாதி அநியாயம் அங்கேதான் நடக்கிறது.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உதவித்தொகை வாங்குகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தங்கள் வருமானத்தைச் சொல்ல வேண்டும். பிற்பாடு 'ரோபோடெட்' என்று பெயர் வாங்கிய திட்டத்தில், அரசு வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து 26 சம பங்காகப் பிரித்து, அவர்கள் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டது. ஒருவர் ஆறு மாதம் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார், மீதி ஆறு மாதம் வேலையில்லாமல் உதவித்தொகையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினி ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் ஆயிரம் டாலர் என்று எழுதிக்கொள்ளும். வேலையே இல்லாத மாதங்களிலும் இவர் கையில் ஆயிரம் வந்ததாக ஆகிவிடும். மறைத்து வாங்கினாய், திருப்பிக் கொடு என்று கடிதம் வரும். இல்லை என்றால் பல வருடங்களுக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு இவர்தான் ஓட வேண்டும். அந்த நிறுவனமே மூடிப்போயிருந்தால்?

இப்படி லட்சக்கணக்கானவர்கள் மீது கடன் சுமத்தப்பட்டது. அது சட்டவிரோதம் என்று 2019இல் வெளிவந்தது, 2020இல் பணத்தைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது, 2023இல் விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. தற்கொலையில் மகனைப் பறிகொடுத்த தாய்மார்கள் அந்த ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னார்கள். அந்தப் பகுதியைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

நெதர்லாந்திலும் இதே கதைதான். குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று வரித்துறை முத்திரை குத்தியது. ஒரு கையெழுத்து விடுபட்டதற்குக்கூட மொத்தத் தொகையையும் திருப்பிக் கேட்டது. இரட்டைக் குடியுரிமை வைத்திருந்தவர்கள் மீது சந்தேகம் இன்னும் கூடுதலாக விழுந்தது. வீடு போனது, குடும்பம் உடைந்தது. 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மார்க் ரூட்டேயின் அமைச்சரவை இதற்காகவே பதவி விலகியது.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. அமெரிக்காவில் 2021 ஜூலையிலிருந்து ஆறு மாதம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 300 டாலர் வரை, அதற்கு மேல் 17 வயது வரை 250 டாலர் வரை பெற்றோருக்கு அரசே கொடுத்தது. வரித்துறையிடம் ஏற்கெனவே இருந்த கணக்கை வைத்தே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது, தனி விண்ணப்பம் கிடையாது. வரிக் கணக்கே தாக்கல் செய்யாத பரம ஏழைகளில் சிலருக்கு அதுவும் எட்டவில்லை என்பது வேறு வருத்தம். அந்த வருடம் குழந்தை வறுமை, அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவீட்டின்படி, 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. திட்டத்தை நீட்டிக்கவில்லை, அடுத்த வருடமே 12.4 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்! எஸ்டோனியாவில் 2019 முதல் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்தாலே போதும், உங்களுக்கு இன்னின்ன உதவி உண்டு, சம்மதமா என்று அரசே கேட்கிறது.

ஏமாற்றுகிறவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள் என்பார்கள். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. சந்தேகம் வந்தால் அரசு விசாரிக்கட்டும், அதற்கு ஆட்களும் ஆவணங்களும் அதனிடம் இருக்கின்றன. ஒருவருடைய சம்பளம் எந்த மாதம் நின்றது என்பது அரசின் ஏதோ ஒரு கணினியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறபோது, அதையே தேடிக் கொண்டுவா என்று பசியோடு இருப்பவரை அலையவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அன்றைக்கு ஒருவழியாக விண்ணப்பம் போய்ச் சேர்ந்து எண் வந்தது. கீழே சின்ன எழுத்தில், ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் என்று இருந்தது. அக்கா தாள்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கிக்கொண்டே கேட்டார்:

"அடுத்த வருஷமும் இப்படியே ஒண்ணும் இல்லைன்னு காட்டணுமா தம்பி?"

"ஆமாக்கா" என்றேன்.